தண்டாயுதபாணி மச்சானும் கொழுப்புக் காட்டும் மிஷினும்

என் அக்கா சாரதாமணியின் வீட்டுக்காரர் தண்டாயுதபாணி ஓர் இடத்தில் நிலையாக இருந்து நான் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனிதர். டீயை நடந்துகொண்டேதான் குடிப்பார். கல்யாணப் பந்தியில் இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து, ரசம் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்கப் போய்விடுவார். போன் பேச ஆரம்பித்தால் மங்கலம் பஸ் ஸ்டாப்பில் தொடங்கிய பேச்சு எங்கள் தெரு முனையில் வந்துதான் முடியும். எதிரில் நிற்கிற எங்களுக்குத்தான் தலை சுற்றும்.

அவருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. துணி செக்கிங்குக்கு அவர்தான் பொறுப்பு. எனக்குச் சொந்தமாக ஒரு டெம்போ இருக்கிறது. சாயப் பட்டறையிலும், துணியை அழுத்திச் சுருக்கிக் கொடுக்கிற காம்பாக்டிங்கிலும் ரோல் ரோலாகத் துணியை ஏற்றிக்கொண்டு வந்து அந்தக் கம்பெனியில் இறக்குவது என் பிழைப்பு. அதனால் மச்சான் வேலை செய்கிற அழகைத் தினமும் பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு.

ரோலைப் பிரித்ததும் துணியை முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "மாப்ள, இது குளிச்சுப்போட்டு வந்துருக்குது" என்பார். துணியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் முன்பே சொல்லியிருப்பான். வட்டக் கட்டரை வைத்து அழுத்தித் திருப்பினால் துணியில் ஒரு தோசை அளவுக்கு வட்டம் வந்துவிடும். அதைத் தராசில் வைத்தால் கணக்குத் தெரிந்துவிடும். ஆனால் துணியில் ஈரம் இருந்தால் மெல்லிசுத் துணியும் கெட்டித் துணி மாதிரி எடை காட்டும். அதனால் வெட்டிய வட்டத்தின்மேல் அயர்ன் பாக்ஸை ஓட்டி, ஈரத்தை வாங்கிவிட்டுத்தான் மச்சான் தராசுப் பக்கமே போவார். "காயாத துணி பொய் சொல்லும்" என்பது அவருடைய வேதம். இதை வைத்து எத்தனையோ பட்டறைக்காரர்களின் தில்லுமுல்லைப் பிடித்திருக்கிறார். அதில் கெட்டிக்காரர்தான், குறை சொல்ல மாட்டேன்.

கெட்டிக்காரருக்குள் ஒரு பயந்தாங்கொள்ளியும் இருந்தான். அவருடைய அப்பா தறி ஓட்டியவர். சக்கரை வியாதியில் முதலில் கால் விரல் போனது, பிறகு கால் போனது, பிறகு ஆளே போனார். கடைசிக் காலத்தில் தினமும் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றியது மச்சான்தான். அப்பாவுக்குப் பிறகு அண்ணன். நாற்பதைத் தாண்டியதும் தறிக் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேருமே தொப்பையும் தொந்தியுமாக இருந்தவர்கள். மச்சான் மட்டும் ஓடி ஓடி ஈர்க்குச்சி மாதிரி இருந்தார். அந்த ஓட்டம் எதிலிருந்து என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு ஒரே பெண், அனுப்ரியா. ஒன்பது வயது. கன்னமும் கையும் கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைந்து கொடுத்தால் தட்டு பளபளவென்று திரும்பி வரும். பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடுவாள். என் டெம்போ சத்தம் கேட்டால் தெருக்கோடிக்கே ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். தாய்மாமன் சொல்கிறேன், அந்தப் பெண் சிரித்தால் எனக்கு அன்றைக்கு டீசல் செலவு உறைக்காது.

மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடல்நல முகாம் நடந்தது. உயரம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், ஆளுக்கொரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். அனுவின் தாளில் 'அதிக எடை' என்று போட்டு, குழந்தை மருத்துவரிடம் காட்டவும் என்று கீழே எழுதியிருந்தது. மச்சானின் கண் மேல் வரியில் விழுந்தது, கீழ்வரிக்கு வரவே இல்லை. அக்கா இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

"ஏனுங்க, டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லிப் போட்டிருக்குது. ஒரு எட்டுப் போய்ட்டு வந்தர்லாமுங்க."

"போலாம் சாரதா. மொதல்ல நம்ம கையில வெவரம் இருக்கோணும். வெறுங்கையோட போனா டாக்டர் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வரோணும்."

விவரம் சேர்க்கக் கிளம்பினார் மனிதர். பள்ளிக்கூடத்துக்கே போய் உடற்பயிற்சி ஆசிரியரைப் பிடித்தார். அந்த ஆசிரியர் நல்லபடியாகத்தான் சொன்னார். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற கணக்கு அது, இத்தனை பிள்ளைகளில் யாரைக் கவனிக்க வேண்டும் என்று பிரித்தெடுக்க உதவும், உள்ளே இருப்பது கொழுப்பா சதையா எலும்பா என்று அதற்குத் தெரியாது என்றார். மச்சானுக்கு அது போதும். மறுநாள் ரோல் இறக்கப் போன என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எடை மட்டும் தெரிஞ்சு என்ன மாப்ள பண்றது? கலப்பு தெரிய வேண்டாமா? காட்டன் எத்தனை, பாலிஸ்டர் எத்தனைன்னு பார்க்காம துணிய எடுத்துருவனா?"

"புள்ளைல பாலிஸ்டர் எங்கீங்க மச்சான் வந்துச்சு?"

அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே அனுவை ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பயிற்சி கொடுக்கிற அருண்குமாரிடம் கொழுப்பு பார்க்கிற இடுக்கி மாதிரி ஒன்று இருந்தது. தோலை மடித்துப் பிடித்து அதன் தடிமனை அளப்பது. மேல்கையின் பின்பக்கத்தில் ஒரு பிடி, தோள்பட்டைக்குக் கீழே ஒரு பிடி. மச்சான் திரும்பத் திரும்ப அளக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு வந்தது. அனு கூச்சத்தில் நெளிந்துகொண்டே இருந்தாள்.

"என்னப்பா இது, ஒரே எடம், ஒரே புள்ள, தடவைக்கு ஒரு ரீடிங்கா? எங்க செக்கிங்ல இப்படி வந்தா ஆளை மாத்திருவேன்."

அருண்குமார் கோபப்படவில்லை. "நான் பெரியவங்களுக்குத்தானுங்க பார்க்கறது. சின்னப் புள்ளைங்களுக்கு நல்லாக் கை பழகுனவங்க வேணும், கணக்கும் வேற. நானா ஒண்ணைச் சொல்லி உங்களக் கொழப்ப மாட்டனுங்க."

நியாயமான பையன். ஆனால் தெரியாது என்று ஒருவன் சொன்னால் மச்சானால் தாங்க முடியாது. அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு அட்டைப் பெட்டி வந்தது. கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு எடை மிஷின். அதன்மேல் பாதத்துக்கு நேராகப் பளபளவென்று தகடு பதித்திருந்தது. வெறுங்காலோடு ஏறி நின்றால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் கரண்ட் உடம்புக்குள் போய்த் திரும்பும். எடை எத்தனை, அதில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று போனில் காட்டிவிடும். கரண்ட் என்றதும் அக்கா பயந்துபோய் முதலில் தானே ஏறிப் பார்த்தாள். அவளுக்கு வந்த நம்பரை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

அனு ஏறினாள். எடையைக் காட்டியது, கொழுப்பைக் காட்டவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அந்த மிஷின் கொழுப்புக் கணக்குப் போடாதாம். எனக்கு அந்த மிஷின்மேல் ஒரு மரியாதையே வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. மச்சான் விடுவாரா? போனைத் தட்டி அனுவின் பிறந்த வருடத்தை மாற்றி, ஒன்பது வயதுப் பிள்ளையைப் பதினெட்டு வயதுக் குமரியாக்கிவிட்டார். மிஷினும் சரி என்று ஒப்புக்கொண்டு, சிவப்பு எழுத்தில் முப்பத்துச் சொச்சம் என்று போட்டது.

"பார்த்தியா? பார்த்தியா?" என்று மச்சான் அங்கேயும் இங்கேயும் நடந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தச் சிவப்பு எழுத்தில் அவருக்கு அப்பாவின் காலும் அண்ணனின் நெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும். அனு இறங்கி நின்று, நாங்கள் யாராவது சிரிப்போமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையில் சாமி விளக்குக்கு முன்னால் மிஷின் விளக்குத்தான் எரிந்தது. நெய் நின்றது. சோறு பாதியானது. ராத்திரிக்குச் சப்பாத்தி ஒன்று. நான் பலகாரப் பொட்டலத்தோடு போனால் மச்சான் வாசலிலேயே வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார். அதையாவது விட்டுத் தள்ளலாம். வந்த வினை வேறு வழியில் வந்தது.

மிஷின் ஒரே நம்பரைக் காட்டவில்லை. காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒன்று, குளித்துவிட்டு ஏறினால் இன்னொன்று. நம்பர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, மச்சான் குட்டி போட்ட பூனை மாதிரி மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேறு யாராக இருந்தாலும் சனியனைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருப்பார்கள். துணி செக்கிங் பார்க்கிறவருக்கு, ரீடிங் ஆடினால் ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடிக்காமல் சோறு இறங்காது. கண்டுபிடித்தும் விட்டார்.

"ஈரம் மாப்ள! புள்ள தண்ணி குடிச்சிட்டு ஏறினா ஒரு மாதிரி, குடிக்காம ஏறினா ஒரு மாதிரி. ஈரத்தோட எடை போட்டா எந்தத் துணியும் சரியாக் காட்டாது. காயவிட்டுப் பார்த்தாத்தான் உள்ளது தெரியும்."

திருப்பூர்க்காரனைத் தவிர இந்த உலகத்தில் வேறெவனுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. முதலில் காலையில் மிஷினில் ஏறும்வரை தண்ணீர் கிடையாது என்றார். நம்பர் குறையவில்லை, கொஞ்சம் கூடியது. சரி, இன்னும் ஈரம் போகவில்லை என்று, சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் கிடையாது என்றார். இன்னும் கூடியது. பள்ளிக்கூடத்திலும் தொண்டை நனைகிற அளவுக்கு மட்டும் குடி கண்ணு என்றார். பங்குனி வெயில் தலையைப் பிளக்கிற நேரம் அது. நம்பர் ஏற ஏற இவர் இறுக்க, இவர் இறுக்க இறுக்க நம்பர் ஏறியது. உள்ளே ஒளிந்திருந்த கொழுப்பெல்லாம் இப்போதுதான் வெளியே தெரிகிறது என்று நினைத்தார்.

அக்கா சும்மா இருந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டை போட்டாள், அழுதாள், அவருக்குச் சோறு போட மாட்டேன் என்று ஒரு நாள் அடுப்பையே மூட்டவில்லை. அவருக்குத் தெரியாமல் மோரைக் கரைத்துக்கொண்டு போய்ப் பிள்ளையிடம் நீட்டினாள். பிள்ளைதான் வாங்கவில்லை.

"வேண்டாமுங்கம்மா. நாளைக்கு நம்பர் கூடிரும்."

எனக்கும் அதே பதில்தான். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் டெம்போவை நிறுத்தி, இளநீர் வெட்டச் சொல்லிக் கையில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு ஸ்ட்ராவைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். உதடு வெடித்திருந்தது. பையில் தண்ணீர்ப் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"குடி சாமி. மாமன் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க மாமா. மிஷின் சொல்லிருமே."

"சொன்னாச் சொல்லட்டுமே, கண்ணு!"

"அப்பா பயப்படறாருங்க மாமா. நான் கால் போன அப்பாரு மாதிரி ஆயிருவன்னு பயப்படறாரு. நம்பர் கொறஞ்சா அப்புறம் பயப்பட மாட்டாரு."

இளநீரை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராகக் கம்பெனிக்குப் போனேன். மச்சான் மேசையில் துணியை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை.

"மச்சான், அது புள்ளையா, பனியன் துணியா? காயப்போட்டு எடை பாக்கறீங்க!"

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார்: "உனக்கென்ன தெரியும் மாப்ள. எங்கப்பன் கால்ல புழுவ நான் எடுத்திருக்கறேன். எம் புள்ளைக்கு அது வரக்கூடாது. சனிக்கெழமை டாக்டர்கிட்டப் போறம், நேரம் வாங்கிட்டேன். அதுக்குள்ள சரியான ரீடிங் ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்."

டாக்டரிடம் போகிறார் என்று கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. அந்தச் 'சரியான ரீடிங்' எடுக்க அவர் என்ன செய்வார் என்பது எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை முற்பகல் கம்பெனி வாசலில் ரோல் இறக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் டாக்டர் நேரம் என்பதால் மச்சான் வேலைக்கு வந்திருந்தார். அக்கா எனக்குத்தான் போன் செய்தாள். குரலே சரியில்லை. "செந்திலு, அனு வாந்தியா எடுக்கறா. கூப்புட்டாப் பாதிக் கண்ணத் தொறக்கறா. சீக்கிரம் வா." பாதி ரோல் வண்டியிலேயே இருக்க, மச்சானை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மங்கலம் ரோட்டில் அன்றைக்கென்று பார்த்து லாரியும் பனியன் கம்பெனி வேனுமாக அடைத்துக்கொண்டு நின்றன. மச்சான் கதவைத் திறப்பார், எட்டிப் பார்ப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். "ஓரமாப் போ மாப்ள, ஓரமாப் போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

வீட்டில் அனு குளியலறைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் சுருண்டு கிடந்தாள். தொட்டால் நெருப்பாகக் கொதித்தது. அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டு குடிக்கவில்லை என்று அக்கா அழுதாள். நாலு நாளாக ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னாள். அக்காவும் அனுவும் முன்சீட்டில். மச்சான் பின்னால் ரோல்களுக்கு நடுவே ஏறி நின்றார். கண்ணாடியில் பார்த்தால், இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமே குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது நித்யஸ்ரீ என்று ஒரு பெண் டாக்டர், குழந்தைகளுக்கானவர். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாக்கைப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். எடைக்குத் தகுந்த மாதிரிதான் மருந்து போட வேண்டும் என்று நர்ஸ் ஒரு எடை மிஷினைக் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். "எந்திரிச்சு ஒரு நிமிசம் நில்லு பாப்பா, அம்மாவப் புடிச்சுக்கோ."

மிஷினைக் கண்டதும் அனு தானாக எழுந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே தெம்பில்லாத பிள்ளை. குனிந்து இரண்டு கொலுசையும் கழற்றினாள். தலையிலிருந்த கிளிப்பை எடுத்தாள். தோட்டைத் திருகிப் பார்த்துக் கழற்ற முடியாமல் அக்காவிடம் காதைக் காட்டினாள். பிறகு நர்ஸைப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா, எச்சி துப்பிட்டு வரட்டுங்களா?"

"எதுக்கு பாப்பா?"

"எச்சிலும் தண்ணி தானுங்களே, தப்பாக் காட்டிரும். நேத்திருந்து தண்ணி குடிக்கலீங்க, மத்தபடி சரியாக் காட்டும்."

நர்ஸ் கொலுசைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு தண்ணி குடிக்கல?"

அனு ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். "மறந்துட்டனுங்க. நானாத்தான் மறந்துட்டேன்."

"அவ மறக்கலீங்க" என்றார் மச்சான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "நான்தானுங்க குடிக்காதேன்னேன்."

முகாம் தாளிலிருந்து பிறந்த வருடத்தை மாற்றியதுவரை எல்லாவற்றையும் சொன்னார். மிஷினில் வந்த நம்பர்களைச் சொன்னார். ஈரத்தை எடுத்தால் நம்பர் குறைந்திருக்க வேண்டும், ஏன் கூடியது என்று இன்னும் புரியவில்லை என்றும் சொன்னார். அந்த நேரத்திலும் அதைக் கேட்டார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. ஊசி குத்தி, குளுக்கோஸ் இறங்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"உங்க மிஷினுக்குக் கொழுப்புன்னா என்னன்னே தெரியாதுங்க. அதுக்குத் தெரிஞ்சது தண்ணி மட்டும்தான். தண்ணி இருக்கற எடத்துல கரண்ட் லேசாப் போகும். சதையில தண்ணி நிறைய, கொழுப்புல கம்மி. கரண்ட் எத்தனை சிரமப்பட்டுப் போகுதுன்னு பார்த்து, இவ்வளவு கொழுப்பு இருக்கலாம்னு ஒரு கணக்குப் போடுது. அந்தக் கணக்கும் பெரியவங்க உடம்ப வச்சுப் போட்டது. இப்ப நீங்க தண்ணிய நிறுத்துனா, கரண்ட் போறதுக்குச் சிரமம் ஜாஸ்தியாகும். அப்ப மிஷின்..."

"கொழுப்புக் கூடிப்போச்சுன்னு காட்டும்" என்றார் மச்சான்.

துணியில் ஈரம் எடையைக் கூட்டும் என்பது அவர் இத்தனை வருடம் கண்ட உண்மை. அந்த உண்மையைத்தான் பிள்ளைமேல் ஓட்டியிருந்தார். பிள்ளையைக் காயவைத்துக் காயவைத்து, அந்த வறட்சியைக் கொழுப்பு என்று படித்திருக்கிறார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கழுத்தைப் பிடிக்க நினைத்த எனக்கே பாவமாக இருந்தது.

"அப்ப எதுதானுங்க சரியான மிஷின்?" என்று கேட்டார். "பெரிய ஆஸ்பத்திரில ஏதோ ஸ்கேன் இருக்குதாமே. கூட்டிட்டுப் போறனுங்க."

"இருக்கு. அது இன்னும் கிட்டத்துல சொல்லும். அதுவும் உத்தேசக் கணக்குத்தான். உயிரோட இருக்கற உடம்புல கொழுப்பத் தனியா எடுத்துத் தராசுல வைக்க யாராலயும் முடியாதுங்க. எல்லா வழியும் ஏதோ ஒண்ண அளந்து இன்னொண்ண ஊகிக்கறதுதான். பாப்பாவுக்கு அந்த ஸ்கேன் இப்ப வேண்டியதில்ல. கொஞ்சம் எடை கூடத்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். உங்க குடும்பத்துல சக்கரை இருக்கு, அதனால காய்ச்சல் விட்டதும் ரத்தம் பார்த்துக்கலாம். ஆனா இன்னும் ஒண்ணு ரெண்டு வருசத்துல வயசுக்கு வர்ற பொண்ணு. அதுக்கு முன்னாடி உடம்பு கொஞ்சம் சதை போடும், அது அதோட வேலை. மூணு மாசத்துக்கு ஒருக்கா கூட்டிட்டு வாங்க. உயரம், எடை, இடுப்பு எப்படிப் போகுதுன்னு நான் பார்க்கறேன். ஆடவிடுங்க, எல்லாரும் சாப்பிடறத அளவாக் கொடுங்க."

"ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க டாக்டர். இத்தனைக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு நம்பர். அதை வச்சுக்கிட்டு நான் சமாளிச்சுக்கறேன்."

"உங்ககிட்ட நான் நம்பர் சொல்ல மாட்டேனுங்க" என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் தணிந்தது. சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கிறது, மருந்தில் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றும், இப்போது வாந்தி நின்றுவிட்டதால் வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம் என்றும் நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா துணிமணி எடுத்து வரக் கிளம்பினாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, மச்சான் கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"குடி கண்ணு."

அனு உதட்டை வைத்தாள். ஒரு சொட்டுகூடப் போயிருக்காது. கண் அப்பாவின் முகத்திலேயே இருந்தது.

"போதுங்களாப்பா?"

"இன்னுங்கொஞ்சம் குடி சாமி. டாக்டரே சொல்லிட்டாங்க."

மறுபடி உதட்டை வைத்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக் காட்டினார். பாவம், அவருக்கு அது வரவில்லை. பிள்ளை அவர் நெற்றியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், டம்ளரை மெல்லத் தள்ளிவிட்டாள். "அப்புறம் குடிக்கறனுங்கப்பா. எனக்குத் தாகமே இல்லீங்க." வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே அதைச் சொன்னாள்.

நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மச்சான் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, டம்ளரை அவளுடைய இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடினார். பிறகு அறையின் மூலைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"அப்பா பாக்கலடா கண்ணு" என்றார். "நீ குடி."

கட்டிலில் சத்தமே இல்லை. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மடக்குக் கேட்டது. பிறகு இன்னொன்று, பிறகு நிறுத்தாமல் மடக் மடக்கென்று. மச்சானின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. டம்ளர் காலியாகும்வரை அவர் திரும்பவில்லை.